கரைக்கு ஒரு படகாவது

புறப்படும்போது முதுகில் பத்தொன்பது கிலோ.
மூன்றாம் நாள், முதல் குடிலில்,
இரண்டாவது வாணலி, ஜீன்ஸ், கைக்கோடரி,
எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைத்த எல்லாவற்றையும்
மேசைமேல் பரப்பினேன்.
குடில் பார்த்துக்கொள்ளும் இங்யெர்ட்
கோடரியை மட்டும் தூக்கிப் பார்த்து
"இங்கே மரமே இல்லையே" என்றாள்.
உண்மைதான்.
ஸ்வீடனின் வடகோடியில், அந்த உயரத்தில்
பிர்ச் மரங்கூட முழங்காலோடு நின்றுவிடுகிறது.
வரைபடத்தில் இருந்த பச்சை
நான் நினைத்த பச்சை அல்ல.

கூடாரம் அக்கா சோல்வெய்குடையது.
வீட்டு முன்னால் ஒருதரம் விரித்துப் பார் என்றாள்.
மழையில், இருட்டாத இரவில்
கம்பியைத் தலைகீழாகக் கோத்துமுடித்த பின்
பையின் அடியில் அகப்பட்டது
எப்படிக் கோப்பது என்ற தாள்.

கொசுக்களைப் பற்றி எல்லோரும் சொன்னார்கள்.
ஈரச் சாக்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை.
நான்காம் நாள்
பாலாடைக்கட்டி ட்யூபை மிதித்துவிட்டு
அதனிடம் மன்னிப்புக் கேட்டதை
நானும் யாரிடமும் சொல்வதாயில்லை.

ஐந்தாம் இரவு தூருன் வந்தாள், ஒரு நாயோடு.
கிருனாவில் பஸ் ஓட்டுகிறவள்.
என் குதிகால் கொப்புளத்தை ஊசியால் கோத்து
நீர் வடியட்டும் என்று நூலை உள்ளேயே விட்டாள்.
காளான் சூப்பில் பாதி கொடுத்தாள்.
பிறகு குறட்டை விட்டாள்,
குடிலின் பலகைகள் அதிர.
தனிமைக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்?
காலை நான்கு மணிக்கு
பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு
திருடனைப் போல் வெளியேறினேன்.
நாய் பார்த்தது. குரைக்கவில்லை.

அப்புறம் ஏரி.
கரைப் பலகையில் எழுதியிருந்தது:
எந்தக் கரையிலும் ஒரு படகாவது இருக்க வேண்டும்.
மொத்தம் மூன்று படகு. இங்கே இருந்தது ஒன்று.
விரல் விட்டுக் கணக்குப் போட்டேன்.
இதில் போய், அங்கிருந்து ஒன்றைக் கட்டி இழுத்துவந்து,
இங்கே விட்டுவிட்டு மறுபடி போக வேண்டும்.
ஒரு கிலோமீட்டர் தண்ணீர். மூன்று தரம்.

முதல் தரத்திலேயே உள்ளங்கை உரிந்தது.
அக்கரையில் இறங்கினேன். பார்க்க யாருமில்லை.
பையை மாட்டிக்கொண்டு நடந்தேன்,
சதுப்பின் மேல் போட்ட பலகைப் பாதையில்
இருநூறு அடி இருக்கும்.

நல்ல மனசால் ஒன்றும் திரும்பவில்லை.
குதிகாலில் அந்த நூல் உறுத்தியது.
அவ்வளவுதான்.

இழுத்துவந்த காலிப் படகுக்கு
எடை குறைவு, பிடிவாதம் அதிகம்.
அதைக் கட்டும்போதுதான் உறைத்தது:
காலையில் இதே வளையத்தில் நான் அவிழ்த்த முடிச்சு
தானாக விழுந்ததல்ல.
எனக்கு முன்னால் போன யாரோ
இப்படித்தான் கையை உரித்துக்கொண்டு
ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.
பெயர் தெரியாது.
தெரிந்திருந்தால் அவரிடமிருந்தும்
நான்கு மணிக்குத் தப்பித்திருப்பேன்.

சாயங்காலம் மேட்டில் கூடாரம் போட்டேன்.
கம்பி இந்தமுறை சரி.
ஏரியில் ஒரு மஞ்சள் மழைச்சட்டை வந்துகொண்டிருந்தது,
பஸ்ஸைப் பின்னால் எடுப்பதுபோல்
தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.
நாயையும் பையையும் இறக்கினாள்.
ஒரு படகைக் கட்டினாள். திரும்பிப் போனாள்,
அவளுக்கும் எனக்கும் தெரியாத எவருக்காகவோ.

அவள் பாதி ஏரி போன பின்தான் எனக்குப் புரிந்தது:
நான் ஒரு படகோடு எதிரே போயிருந்தால்
அவளுக்கு ஒரே தரத்தில் முடிந்திருக்கும்.
மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

நாய் ஏறிவந்து என் குதிகாலை முகர்ந்து பார்த்துப் படுத்தது.
அடுப்பைப் பற்றவைத்தேன். இருவருக்குத் தண்ணீர்.
மூன்றாம் தரம் அவள் கரையை நெருங்கியபோது
முழங்கால் ஆழத்தில் நின்று கயிற்றைப் பிடித்தேன்.
"ஒரு படகைக் கொண்டுவந்திருக்கலாமே" என்றாள்.
ஆமாம் என்றேன்.
"நாளைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போ.
இது உன்னைத் தேடியது."

ஏழு மணிக்கு என்றேன்.
அன்றிரவும் குறட்டை விட்டாள்.